தற்காலிகப் பணி ஆணை: டெபுடேஷன் அலவன்ஸ் வருமா?

கீழ்த்தளம்: வணக்கம். வேறு ஆபீஸில் போய் வேலை பார்க்கச் சொல்லி ஆர்டர் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். டெபுடேஷன் அலவன்ஸ் எவ்வளவு வரும்? மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அவசரம்.

கணக்குப்பிரிவு: மத்திய அரசா, மாநில அரசா? உள்ளூரா, வெளியூரா? எத்தனை நாளுக்கு? சம்பளம் யார் போடுவார்கள்? இதெல்லாம் தெரியாமல் எதைச் சொன்னாலும் தப்பாகத்தான் போகும்.

மேசை17: மத்திய அரசு என்றால் உள்ளூரில் அடிப்படைச் சம்பளத்தில் 5 சதவீதம், வெளியூரில் 10 சதவீதம். 2017 ஆணையில் உச்சவரம்பு உள்ளூருக்கு மாதம் 4,500, வெளியூருக்கு 9,000 ரூபாய் என்று இருந்தது. அகவிலைப்படி 50 சதவீதம் ஏறினால் வரம்பும் 25 சதவீதம் ஏறும்; 2024-இல் அப்படி ஏறிவிட்டது. சேர்ந்த ஒரு மாதத்துக்குள் ஆப்ஷன் கொடுத்துவிடுங்கள்: பழைய சம்பளத்தோடு படியா, புதுப் பதவியின் சம்பளமா என்று.

பழையகோப்பு: ஆணையைப் படிக்காமலே கேட்கிறார், நீங்களும் படிக்காமலே பதில் சொல்கிறீர்கள். வழக்கமான பணிக்களத்துக்கு வெளியே, பொதுநலன் கருதி, தற்காலிகமாக நியமித்தால்தான் டெபுடேஷன். டெபுடேஷன் பற்றிய மத்திய அரசின் 2010 ஜூன் ஆணையை முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

இரண்டுசீட்: இதோடு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பக்கத்து சீட்டையும் என்னையே பார்க்கச் சொல்லி மாதக்கணக்கில் ஆகிறது. ஒரு பைசா வரவில்லை.

மேசை17: மத்திய அரசு ஊழியர் சம்பளத்துக்கான அடிப்படை விதிகளில் 49-வது விதி. கூடுதல் பொறுப்பு 45 நாளைத் தாண்டினால் அந்தக் கூடுதல் பதவியின் சம்பளத்தில் 10 சதவீதம் உண்டு.

பழையகோப்பு: அரைகுறையாகச் சொல்லாதீர்கள். முழுப் பொறுப்பு என்று ஆணை இருக்க வேண்டும். அன்றாட வேலையை மட்டும் பார்த்துக்கொள் என்றால் காசு கிடையாது.

இரண்டுசீட்: கையெழுத்து, கோப்பு எல்லாம் நான்தான். அப்புறம் எது முழுப் பொறுப்பு?

பழையகோப்பு: நீங்கள் செய்கிற வேலை இல்லை, ஆணையில் இருக்கிற வாசகம்.

மேசை17: அந்த வாசகத்தை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறார்களே, அதை யார் கேட்பது? வேலை வாங்குவது மட்டும் முழுசாக வாங்குகிறார்கள்.

கீழ்த்தளம்: மன்னிக்கவும், இப்போதுதான் பார்த்தேன். மத்திய அரசு. வெளியூர். எங்கள் துறையின் இன்னொரு அலுவலகம்தான். "நிர்வாக நலன் கருதி 90 நாட்களுக்கு, சம்பளம் தற்போதைய அலுவலகத்திலேயே" என்று இருக்கிறது.

கணக்குப்பிரிவு: சரி, இப்போது தெளிவாகிவிட்டது. சொந்தத் துறைக்குள்ளேயே என்பதால் இது தற்காலிக இடமாற்றம். டெபுடேஷன் அலவன்ஸ் வராது, ஆப்ஷனும் தேவையில்லை. 180 நாளுக்கு மிகாததால் டூர் போலக் கணக்கிட்டுப் பயணப்படியும் தினப்படியும் கிடைக்கும். குடும்பத்தோடு வீட்டுச் சாமான் ஏற்றிப் போக இடமாற்றப் பயணப்படி கிடையாது, அதை நம்பிச் செலவு செய்துவிடாதீர்கள். போகும் முன்பே முன்பணத்துக்கு எழுதுங்கள். அங்கே வருகைச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள், தங்குகிற ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். பயணம் முடிந்து 60 நாளுக்குள் பில் போட வேண்டும். நிறையப் பேர் பணத்தை இழப்பது இந்தக் கெடுவைத் தவறவிட்டுத்தான்.

மறுப்பதைப் பற்றி: விருப்பமில்லாமல் அனுப்பக்கூடாது என்கிற அடிப்படை விதி 110 அயற்பணிக்கு, அதாவது அரசுக்கு வெளியே உள்ள அமைப்பில் பார்க்கும் பணிக்கு, மட்டும். சொந்தத் துறைக்குள் அது பொருந்தாது. உடல்நிலை, குடும்பச் சூழல் என்று காரணம் இருந்தால் மனு கொடுங்கள். ஆனால் சேராமல் இருந்துவிடாதீர்கள், ஒழுங்கு நடவடிக்கையில் போய் முடியும்.

கீழ்த்தளம்: முன்பணத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நன்றி.

இரண்டுசீட்: என் கேள்வி அப்படியே நிற்கிறது.

கணக்குப்பிரிவு: உங்களிடம் எழுத்தில் ஆணை இருக்கிறதா, வாய்மொழியாகச் சொன்னதா? அந்தப் பதவி உங்களுடையதைவிட மேலா, சமமா? அதைச் சொல்லுங்கள்.