ஸ்பெயினுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: வினைச்சொல்லை எங்கே வெட்டுவது?

மாட்ரிட், பார்சிலோனா பக்கம் வந்திறங்கிய நம்மவர்கள் பெரும்பாலும் திணறுவது ஸ்பானிஷ் வினைச்சொல்லில்தான். அட்டவணையை உருப்போடுவதற்கு முன், பள்ளியில் படித்த பகுபத உறுப்பிலக்கணத்தைக் கொஞ்சம் தூசி தட்டுங்கள்.

‘பேசினோம்’ என்பதைப் பேசு + இன் + ஓம் என்று பிரித்தோமே, அதே வேலைதான். ‘அப்லாபமோஸ்’ என்றால் பேசிக்கொண்டிருந்தோம். இதில் ‘அப்ல்’ பகுதி; ‘ஆ’ அந்த வினை எந்த வகையைச் சேர்ந்தது என்று காட்டும் உயிர்; ‘ப’ இறந்தகால இடைநிலை; ‘மோஸ்’ தன்மைப் பன்மை விகுதி. ‘வந்தேன்’ போல விகுதியே ஆளைக் காட்டிவிடும். அதனால் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘யோ, யோ’ (நான், நான்) என்று ஆரம்பிக்க வேண்டாம்.

ஆனால் உச்சரிக்கும்போது வெட்டு வேறு இடத்தில் விழும்: அ-ப்லா-ப-மோஸ். தமிழில் ஒற்று முன்னெழுத்தோடு ஒட்டும் என்பதால் நம் நாக்கு ‘அப்-லா’ என்றுதான் போகும். இங்கே ப்ல, ப்ர, த்ர எல்லாம் அடுத்த அசையின் தலையில் உட்காரும். ‘ப’, ‘மோஸ்’ இரண்டும் இரு கணக்கிலும் தனித்துண்டு, நல்லவேளை.

அசை ஏன் முக்கியம் என்றால், அழுத்தம் அதன்மேல்தான் விழுகிறது. வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் ‘த்ரபாஹோ’ (வேலை செய்கிறேன்) என்று சொல்ல நினைத்து, அழுத்தத்தைக் கடைசி ‘ஹோ’வில் போட்டுவிட்டேன். அது ‘அவர் வேலை செய்தார்’ ஆகிவிட்டது. எதிரே இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து ‘கியென்?’ (யார்?) என்றார். திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாருமில்லை.

இன்னொன்று. ‘நீங்கள் பேசுகிறீர்கள்’ என்று நண்பர்கள் கூட்டத்தைப் பார்த்துச் சொல்ல ஸ்பெயினில் ‘அப்லாய்ஸ்’. உறுப்பு மூன்று: அப்ல் + ஆ + இஸ். அசை இரண்டுதான்: அ-ப்லாய்ஸ். லத்தீன் அமெரிக்க வழக்கைச் சொல்லித்தரும் செயலிகளில் இது வராது. இங்கே தெருவில் இறங்கினால் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

‘வா’ வினை ‘வந்தான்’ என்பதில் ‘வ’ ஆகக் குறுகுவதுபோல விகாரமும் உண்டு: ‘தெனேர்’ (வைத்திருக்க) ‘தூபே’ (வைத்திருந்தேன்) ஆகும். அப்புறம் ‘ஃபுய்’. ஒரே அசை, ‘போனேன்’, ‘இருந்தேன்’ இரண்டுக்கும் அதுதான். அதை வெட்டப் போகாதீர்கள், அப்படியே விழுங்கிவிடுங்கள்.