பாலைவனத்தில் தியானக் குடில்: சுவர் எவ்வளவு கனம், கவிமாடம் சரிப்படுமா?

மணல்திட்டு:
வெப்பப் பாலைவனம். கோடையில் பகல் 44 டிகிரி, இரவு 26. குளிர்கால விடியலில் 3. ஆண்டு மழை 100 மி.மீ. மின்கம்பி கிடையாது, தண்ணீர் லாரியில்தான் வரும். பௌத்த முறையில் தியானம் பழகும் ஒருவர் தங்குவதற்கான வீடு; ஏசி வேண்டாம். இப்போதைய வரைபடம்: 4 மீட்டர் சதுர அறை, 23 செ.மீ. மண்சுவர், மேலே கவிமாடம் (அரைக்கோளக் கூரை), மணல்மேடு தெரிய மேற்கில் பெரிய கண்ணாடி ஜன்னல். உட்காரும் நேரம் காலை 4–6, மாலை 7–9. எங்கே இடிக்கும்?

நிழலளவு:
மாலை 7 மணிக்கு இடிக்கும். மண்சுவர் சூட்டைத் தடுப்பதில்லை, தள்ளிப்போடுகிறது. 23 செ.மீ. சுவர் ஏறக்குறைய 6, 7 மணி நேரம்தான் தாமதப்படுத்தும். நண்பகலில் வாங்கியதை நீங்கள் உட்காரும்போது உள்ளே விடும். மேற்குக் கண்ணாடிக்கு அந்தத் தாமதம்கூட இல்லை. 40 செ.மீ. ஆக்கினால் சூடு தேய்ந்துபோய், நள்ளிரவுக்கு மேல்தான் உள்பக்கம் வந்து சேரும். அப்போது வெளிக்காற்று குளிர்ந்திருக்கும், திறந்துவிட்டால் போதும். காற்று வரும் பக்கம் தாழ்வாக ஒரு திறப்பு, எதிர்ப்பக்கம் கூரையை ஒட்டி ஒன்று. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு வெப்பமானி மாட்டுங்கள். வெளியே குறைந்ததும் திற, காலையில் ஏறத் தொடங்கியதும் மூடு.

கோடையில் மாலை அமர்வை அறைக்குள் வைக்கவே வேண்டாம். கிழக்கில் முற்றம் விடுங்கள். பிற்பகல் முழுக்க வீட்டின் நிழல் அதில் விழும், இருட்டியதும் தரை வானத்துக்குச் சூட்டை விட்டுக் குளிரும். மேற்கு ஜன்னலை மூடிவிட்டு, நண்பகல் சூரியன் நிற்கும் பக்கம் (பூமத்திய ரேகைக்கு வடக்கே என்றால் தெற்கு) தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஜன்னல் வையுங்கள். மேலே சிறு நிழற்பலகை இருந்தால் கோடை உச்சி வெயில் படாது, சாய்ந்த குளிர்கால வெயில் உள்ளே வரும்.

பச்சைச்செங்கல்:
சுவரின் கனத்தைவிட முதலில் மண்ணைப் பாருங்கள். காற்று அடித்த மணல் உருண்டு வழவழப்பாக இருக்கும், பிடிப்பு வராது. களி கலந்த மண் வேண்டும். கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று படியும். களி 15 முதல் 30 சதவீதம் இருந்தால் சுடாத செங்கல் அறுக்கலாம். கூடினால் காயும்போது வெடிக்கும். மணலும் நறுக்கிய வைக்கோலும் சேருங்கள். களி குறைந்தால் ஓரம் உதிரும். அறுத்த கல்லை முதல் சில நாள் நிழலில் காயவிடாவிட்டால் நல்ல மண்ணும் வெடிக்கும்.

உப்பு பூத்த இடத்து மண் வேண்டவே வேண்டாம். ஈரம் ஏறி இறங்கும்போது உப்பு படிகமாகிப் பூச்சைத் தள்ளிவிடும். பூச்சு மண்ணோ சுண்ணாம்போ இருக்கட்டும். சிமெண்ட் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்து, ஒருநாள் ஓடாகக் கழன்று விழும்.

எதிரொலி:
கவிமாடத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. 1 மீட்டர் சுவர்மேல் 2 மீட்டர் ஆரத்தில் அரைக்கோளம் எழுப்பினால், அதன் மையம் உட்கார்ந்திருப்பவரின் காதருகே வரும். மூச்சு, துணிச் சரசரப்பு எல்லாம் அங்கேயே திரும்பிக் குவியும். அதற்குப் பதில் நூபிய வளைவுக் கூரை (அரைக்குழாய் போல நீண்ட செங்கல் கூரை) நல்லது. பின்சுவரில் சாய்த்துச் சாய்த்துக் கல் அடுக்குவதால் பலகையும் மரச்சாரமும் தேவையில்லை. வளைவின் வடிவத்துக்கு ஒரு சங்கிலியைத் தொங்கவிட்டு, அதைத் தலைகீழாக வரைந்துகொள்ளுங்கள். அகலம் 3 மீட்டரைச் சுற்றியே இருக்கட்டும். வளைவு பக்கவாட்டில் தள்ளும் உதைப்பைத் தாங்க நீளச் சுவர்கள் 60 செ.மீ. கனம் வேண்டும். உட்பூச்சைச் சொரசொரப்பாகவே விடுங்கள். நிலநடுக்கப் பகுதி என்றால் இதெல்லாம் ஆகாது, பொறியாளரைப் பாருங்கள்.

அகலம் குறைகிறதே என்று நினைக்காதீர்கள். பிக்கு தனக்கெனக் கட்டும் குடிலுக்கு விநயம் (பௌத்தத் துறவியருக்கான விதித்தொகுப்பு) வைத்த உள்ளளவே 12 சுகதச் சாண் (புத்தரின் சாண் எனப்படும் அளவு) நீளம், 7 அகலம்தான். சாணை 25 செ.மீ. என்று கொண்டால் 3 மீட்டருக்கு 1.75. சுற்றிலும் வண்டி போக இடம் விடச் சொல்வதையும் பின்பற்றுங்கள்; நடைத் தியானத்துக்கும் ஆகும், மண்சுவரைப் பழுது பார்க்கவும் ஆகும்.

மணல்திட்டு:
நன்றி. அகலம் 3, நீளம் 5 என்று மாற்றுகிறேன். 100 மி.மீ. மழைக்கு அடிமானம் உயர வேண்டுமா?

பச்சைச்செங்கல்:
வேண்டும். ஆண்டு மழை ஒரே நாளில் வரலாம், மண்சுவர் கரைவது அடியில்தான். கருங்கல்லில் 45 செ.மீ. உயர்த்துங்கள், வறண்ட ஓடைத் தடத்தில் கட்டாதீர்கள். கூரையும் திண்ணையும் சேர்ந்து 40 சதுர மீட்டர் என்றால் ஆண்டுக்கு 4,000 லிட்டர் விழும், கைக்கு 3,200 தேறும். நாளுக்கு 30 லிட்டர் செலவில் நூறு நாள் சொச்சம். தொட்டியை மண்ணுக்குள் புதையுங்கள்.

நிழலளவு:
மின்கம்பி இல்லாததால் விளக்கு பேட்டரியில்தான் எரியும்; அதை 12 வோல்ட்டிலேயே நேராக ஓட்டுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதன் ரீங்காரம் காலை 4 மணிக்கு நன்றாகவே கேட்கும்.