'வடக்குத் தெரு வீடு' வாட்ஸ்அப் குழுவில் காஞ்சனபுரி

சனிக்கிழமை

[காலை 8:05] நான்: தொன்புரி ஸ்டேஷனில் 7:50 வண்டி பிடித்துவிட்டோம். மூன்றாம் வகுப்பு மட்டும்தான், ஏசி கிடையாது, ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கிறது. போவது காஞ்சனபுரி.

[8:07] செல்வி அத்தை: காஞ்சிபுரமா? பட்டு எடுக்கவா? பாங்காக்கிலிருந்து எப்போது வந்தீர்கள், யாருமே சொல்லவில்லையே

[8:08] மலர்: 😂😂

[8:10] நான்: அத்தை, அது காஞ்சிபுரம். இது காஞ்சனபுரி, பொன்னூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாங்காக்குக்கு மேற்கே நூற்று முப்பது கிலோமீட்டர். ஊரைத் தாண்டினால் பர்மா எல்லை வரைக்கும் காடும் மலையும்தான்.

[8:11] செல்வி அத்தை: சரி சரி. சாப்பிட்டீர்களா

[8:26] முரளி: அண்ணா, நல்ல நேரத்தில் போட்டாய். அரையாண்டு விடுமுறைக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது, கையில் நாலு நாள், பிள்ளைகள் இரண்டு. பட்டாயா வேண்டாம் என்று உன் கொழுந்தியா முடிவாகச் சொல்லிவிட்டாள். இந்த ஊர் ஒத்து வருமா, பார்த்துப் பார்த்து எழுது. மூங்கில் ஃபோட்டோ மட்டும் அனுப்பிவிட்டு ஓடிவிடாதே.

[8:31] நான்: எழுதுகிறேன். முதல் விஷயம், இந்த ரயில். வெளிநாட்டுக்காரர்களுக்கு எங்கே ஏறினாலும் எங்கே இறங்கினாலும் 100 பாட். கடைசி ஸ்டேஷன் பெயர் நாம் தோக், அருவி என்று அர்த்தம். போகும்போது இடது பக்கம் உட்கார், ஆறு அந்தப் பக்கம்தான் வரும்.

[10:52] ஈப்போ பெரியப்பா: தம்பி, அந்த வண்டி எந்தத் தண்டவாளத்தில் ஓடுகிறது தெரியுமா.

[10:54] நான்: தெரியும் பெரியப்பா. சயாம் ரயில், போர்க்காலத்தில் ஜப்பான்காரர்கள் பர்மாவுக்குப் போட்ட பாதை. உங்களிடம் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தேன்.

[11:20] ஈப்போ பெரியப்பா: எங்கள் அப்பாவுக்கு அண்ணன் ஒருவர் இருந்தார், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். ஜப்பான்காரன் காலத்தில், 1943இல், நல்ல சம்பளம் அரிசி எல்லாம் தருகிறோம் என்று கூப்பிட்டார்கள். கொஞ்ச நாளில் கூப்பிடுவது போய் லயத்துக்கே லாரி கொண்டுவந்து ஏற்றினார்கள். இவர் முதல் கூட்டத்தில் தானாகப் போனவர், அதனால் எங்கள் பாட்டிக்கு அவர் மேல் கோபம்கூட இருந்தது என்பார் அப்பா. அவ்வளவுதான். கடிதம் இல்லை, ஆளும் இல்லை. தோட்டத்தில் யாராவது ஆளைக் காணோம் என்றால் "சயாமுக்குப் போயிட்டான்" என்றே சொல்வார்கள், நான் சின்னப் பையனாக இருந்தபோதும் அந்தப் பேச்சு இருந்தது.

[11:22] முரளி: இது எனக்குத் தெரியவே தெரியாது பெரியப்பா

[11:23] செல்வி அத்தை: எங்கள் அம்மா சொல்லியிருக்கிறாள், மலேயாவில் ஒருத்தர் ரயில் ரோடு போடப் போய்த் தொலைந்தார் என்று. அவர்தானா.

[12:48] நான்: இப்போதுதான் மரப் பாலத்தைத் தாண்டினோம். தாம் க்ராசே என்ற இடம். ஒரு பக்கம் செங்குத்தான பாறை, கையை நீட்டினால் தேய்த்துவிடும், இன்னொரு பக்கம் நேரே கீழே ஆறு, நடுவில் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து அதன் மேல் தண்டவாளம். வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. கீழே மரம் முனகுவது கேட்கிறது பெரியப்பா, மிகைப்படுத்தவில்லை. பெட்டியில் பாதிப் பேர் வெளியே தலையை விட்டு செல்ஃபி எடுக்கிறார்கள், நானும் ஒன்று எடுத்தேன், அப்புறம் அழித்துவிட்டேன்.

[12:55] ஈப்போ பெரியப்பா: அழிக்காதே. அனுப்பு.

[இரவு 8:40] முரளி: அண்ணா, அந்தப் புகழ்பெற்ற இரும்புப் பாலம் பார்த்தாயா இல்லையா

[8:49] நான்: பார்த்தோம். சாயங்காலம் திருவிழாக் கூட்டம். அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பாலம் இருக்கிற இடத்தில் ஆற்றின் பெயர் அப்போது குவாய் இல்லை, மே க்லோங். The Bridge on the River Kwai சினிமா வந்து வெளிநாட்டுக்காரர்கள் "குவாய் எங்கே, குவாய் எங்கே" என்று கேட்க ஆரம்பித்ததும், 1960இல் அந்தப் பகுதிக்கே குவே யாய் என்று பேரை மாற்றிவிட்டார்கள். இன்னொன்று, பாலத்தில் வில் மாதிரி வளைந்த பகுதிகள் பழையவை, ஜாவாவிலிருந்து ஜப்பான்காரர்கள் கழற்றிக் கொண்டுவந்தவை. நடுவில் இரண்டு மட்டும் கட்டம் கட்டமாக இருக்கும், குண்டு விழுந்து உடைந்த இடத்தில் போருக்குப் பிறகு வைத்தது. பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்.

[8:52] மலர்: பாலம் பத்து நிமிஷம் போதும். சாப்பாட்டைச் சொல்லுங்கள் முதலில்

[9:10] நான்: ஆமாம், சாப்பாடு. கேங் பா என்று ஒரு குழம்பு, காட்டுக் குழம்பு என்று அர்த்தம். தேங்காய்ப்பால் சொட்டுக்கூடக் கிடையாது. காட்டுக்குள் தென்னை ஏது, அதனால் அப்படி. பச்சை மிளகு கொத்துக் கொத்தாக அப்படியே மிதக்கும், ஊறுகாய்க்கு நாம் வாங்குவோமே அந்தக் கொத்து. விரல் விரலாக ஒரு கிழங்கு, இஞ்சி ஜாதி, க்ராசாய் என்பார்கள், அதை நீள நீளமாகக் கீறிப் போட்டிருந்தார்கள். ஆற்று மீன். முதல் வாயில் ஒன்றும் தெரியவில்லை, மூன்றாவது வாயில் காது அடைத்தது. மூக்கு ஒழுகிக்கொண்டே இன்னொரு சோறு வாங்கினேன்.

[9:12] மலர்: இன்னொரு சோறு இல்லை, இன்னும் இரண்டு.

[9:15] செல்வி அத்தை: எங்களைப் போன்றவர்கள் வந்தால் பட்டினிதானா

[9:21] நான்: இல்லை அத்தை. சைவத்துக்கு இவர்கள் வார்த்தை மாங்சவிராத். மாம்ச விரதி, மாமிசத்தை விலக்குவது, வேறொன்றும் இல்லை! ஆனால் அப்படிக் கேட்டால் சில கடைகளில் மீன் சாற்றை ஊற்றிவிடுவார்கள், அவர்களுக்கு அது உப்பு மாதிரி. "ஜே" என்று கேளுங்கள், அதில் மீன் சாறும் வராது, வெங்காயம் பூண்டும் வராது.

[9:22] செல்வி அத்தை: நம் அமாவாசைச் சமையல்.

ஞாயிற்றுக்கிழமை

[மதியம் 2:35] மலர்: எராவன் அருவி. உங்கள் அண்ணன் தண்ணீரில் இறங்கி ஒரு நிமிஷத்தில் கத்திய கத்தலில் ரஷ்யாக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்

[2:41] நான்: மீன் முரளி. சாண் நீளம், கருத்த மீன், காலை வைத்ததும் கூட்டமாக வந்து தோலைக் கொறிக்கிறது. கடி இல்லை, பல் துலக்குகிற பிரஷ்ஷால் குதிகாலைத் தேய்க்கிற மாதிரி. அசையாமல் நின்றால்தான் வரும், அதுதான் சிரமம். தண்ணீர் பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத நிறம், சுண்ணாம்புப் பாறை கரைந்து வருவதால் அப்படி. மொத்தம் ஏழு அடுக்கு, ஏறக்குறைய 2 கிலோமீட்டர் ஏற்றம். எராவன் என்பது நம் ஐராவதம்தான், உச்சியில் இருக்கிற பாறை யானைத் தலை மாதிரி இருக்கிறதாம். எனக்கு யானை தெரியவில்லை, மூச்சு வாங்கியதுதான் தெரிந்தது.

[2:44] முரளி: பிள்ளைகள் ஏறுவார்களா

[2:58] நான்: நாலாவது அடுக்கு வரைக்கும் தாராளமாக. அதற்கு மேல் வேர், வழுக்குப் பாறை, செருப்பு ஆகாது, ஷூ வேண்டும். காலையிலேயே போய்விடு, மதியத்துக்குப் பிறகு மேல் அடுக்குகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருவார்கள். பெரியவர்களுக்கு நுழைவு 300 பாட். இரண்டாம் அடுக்குக்கு மேல் தின்பண்டம் கொண்டுபோக விடமாட்டார்கள், தண்ணீர் பாட்டிலுக்கு 20 பாட் முன்பணம் வாங்கிக்கொண்டு எண் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், திரும்பி வந்து பாட்டிலைக் காட்டினால்தான் பணம். இந்த ஒரு ஏற்பாட்டை நம் குற்றாலத்தில் செய்தால் என்ன என்று தோன்றியது. அத்தை கொடுத்தனுப்பிய கைமுறுக்கு மட்டும் கீழேயே போய்விட்டது, குரங்கு.

[3:00] செல்வி அத்தை: ஐயோ முழு டப்பாவுமா

[3:01] மலர்: மூடியைத் திறக்கத் தெரிந்த குரங்கு

[மாலை 6:15] முரளி: இவ்வளவு காடு எப்படி மிஞ்சியது அண்ணா, பாங்காக்குக்கு இவ்வளவு பக்கத்தில்?

[6:34] நான்: தானாக மிஞ்சவில்லை. இந்த ஆற்றின் மேற்பகுதியில் நாம் சோன் என்று ஒரு பெரிய அணை கட்ட அரசாங்கமே திட்டம் போட்டிருந்தது. கட்டியிருந்தால் துங் யாய் காட்டின் நடுப்பகுதி முழுகியிருக்கும். உள்ளூர்க்காரர்கள், மாணவர்கள், காட்டு இலாகாவில் வேலை பார்த்த சேய்ப் நாக்காசத்தியென் மாதிரி ஆட்கள் எல்லாரும் எதிர்த்து நின்றதில் 1988இல் கைவிட்டார்கள். 1991இல் அதே காடு உலகப் பாரம்பரிய இடம் ஆனது. புலி இருக்கிறது. அந்தப் பக்கம் சும்மா போய்விட முடியாது, அனுமதி வேண்டும். பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொன்று: இந்த மாவட்டத்து சாய் யோக் குகைகளில்தான் உலகத்திலேயே சின்ன வௌவாலை 1970களில் கண்டுபிடித்தார்கள். எடை 2 கிராம். ஒரு பெரிய வண்டு அளவு.

[6:36] முரளி: சின்னவன் இப்போதே பெட்டி கட்டுகிறான்

[6:50] நான்: எல்லையோரம் சங்க்லாபுரி என்று ஊர் இருக்கிறது, மோன் மக்கள் ஊர், போன வருஷம் போனோம். மரத்தாலேயே கட்டிய நீளமான நடைபாலம், 2013 வெள்ளத்தில் நடுவில் அறுந்துபோய்த் திரும்பக் கட்டியது. காலையில் அந்தப் பாலத்தடியில் நம் இடியாப்பம் மாதிரி அரிசி நூலைக் கிண்ணத்தில் வைத்து, மேலே வாழைத்தண்டு போட்ட மீன் குழம்பை ஊற்றிக் கொடுப்பார்கள். வாழைத்தண்டு அத்தை! நார் எடுத்து வட்டமாக நறுக்கியது. ஆனால் காஞ்சனபுரியிலிருந்து வேனில் நாலு மணி நேரம், உனக்கு நாலு நாள்தான், பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். இந்தத் தடவை விட்டுவிடு. அதற்குப் பதில் ரயில் போகிற வழியிலேயே மூவாங் சிங் இருக்கிறது, செம்புரைக்கல்லில் கட்டிய கெமர் கோயில், அதாவது பழைய கம்போடியக் கோயில். கூட்டமே இல்லை, மரநிழலில் உட்காரலாம்.

திங்கட்கிழமை

[காலை 9:20] நான்: பெரியப்பா, ஊருக்குள் போர்க் கல்லறைக்கு வந்தோம். 6,982 பேர், இந்த ரயில் வேலையில் செத்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகள். புல்லை வெட்டி, ஒவ்வொரு தலைமாட்டிலும் பூச்செடி வைத்து, வெண்கலப் பட்டயத்தில் பேர், வயது. நம் ஆட்கள் ஒருத்தர்கூட இங்கே இல்லை.

[9:24] ஈப்போ பெரியப்பா: இருக்கமாட்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் செத்தான், அதற்குக் கணக்கு இருக்கிறது. ஆசியக் கூலிகள் அதைப்போலப் பல மடங்கு, தொண்ணூறாயிரம் என்கிறார்கள், அதுவும் உத்தேசம்தான். காலரா வந்தபோது குழி வெட்டக்கூட ஆள் இல்லையாம்.

[9:51] நான்: பக்கத்திலேயே வாட் தாவோர்ன் என்று ஒரு புத்த கோயில். தோண்டும்போது கிடைத்த கூலித் தொழிலாளிகளின் எலும்புகளை இங்கே வைத்திருக்கிறார்கள். தமிழர்களுக்காக இப்போது ஒரு நடுகல்லும் இருக்கிறது. மலர் வாசலில் மல்லிகைச் சரம் வாங்கினாள், இங்கே கையில் கட்டுகிற அளவுக்குச் சின்னதாகத்தான் கட்டுகிறார்கள். வைத்தோம். படம் அனுப்பியிருக்கிறேன்.

[9:58] ஈப்போ பெரியப்பா: பேர் எழுதியிருக்கிறதா.

[9:59] நான்: தனித்தனிப் பேர் இல்லை பெரியப்பா.

[10:17] ஈப்போ பெரியப்பா: சரி.

[10:31] ஈப்போ பெரியப்பா: முரளி, நீங்கள் எத்தனாம் தேதி. நானும் வருகிறேன். விமானம் வேண்டாம். ஈப்போவிலிருந்து பாதாங் பெசார் வரைக்கும் ரயில், அங்கே மாறினால் தாய் வண்டி. அவர்களை ஏற்றிக்கொண்டு போனதும் அந்தப் பாதைதான்.

[10:33] முரளி: 24ஆம் தேதி இறங்குகிறோம் பெரியப்பா. ஆனால் அந்த வண்டியில் ராத்திரி முழுக்க உட்கார வேண்டாமா, உங்களுக்கு முழங்கால்...

[10:34] ஈப்போ பெரியப்பா: படுக்கை இருக்கிறது. கீழ்ப் படுக்கை எடுத்துக்கொள்கிறேன்.

[10:40] நான்: வருகிறவர்கள் எல்லாரும் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும், வருவதற்கு மூன்று நாளைக்குள். இலவசம். காசு கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். பெரியப்பா, உங்களுடையதை நான் நிரப்பித் தருகிறேன், பாஸ்போர்ட் படம் எனக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் போடாதீர்கள்.

[10:41] ஈப்போ பெரியப்பா: 📷 புகைப்படம்

[10:41] முரளி: பெரியப்பா குழுவில் போட்டுவிட்டீர்கள்!! அழியுங்கள்

[10:46] செல்வி அத்தை: அண்ணனுக்கு முடி எல்லாம் கொட்டிவிட்டதே. முறுக்கு மறுபடி சுட்டு முரளியிடம் கொடுத்து விடுகிறேன், இந்தத் தடவை டப்பாவுக்குப் பூட்டு போட்டு.