எக்ஸ்கொரி விடையை ஜேசனாக எடுப்பதில் ஒரு சிக்கல்

வணக்கம் நண்பர்களே. பேஸ்எக்ஸ் (BaseX) என்ற எக்ஸ்எம்எல் தரவுத்தளத்தில் ஒரு நூல் பட்டியல் வைத்திருக்கிறேன். எக்ஸ்எம்எல் தரவைத் தேடும் மொழியான எக்ஸ்கொரி (XQuery) 3.1-இல் தேடி, விடையை ஜேசன் (JSON) என்ற தரவு வடிவில் இணையப் பக்கத்துக்கு அனுப்ப வேண்டும்.

நூலுக்கு ஒரு மேப் (சாவியும் மதிப்புமான இணைகள்) கட்டி, அவுட்புட் மெத்தட், அதாவது விடை வெளிவரும் வடிவம், ஜேசன் என்று கொடுத்தேன். ஒரு நூல் வந்தால் ஒழுங்காக இருக்கிறது, இரண்டு வந்தாலே எஸ்இஆர்இ0023 பிழை (ஒரு மதிப்பு வர வேண்டிய இடத்தில் பல வருகின்றன என்பது). மொத்தத்தையும் ஓர் அர்ரேக்குள் (array, வரிசைப் பட்டியல்) போட்டதும் அது தீர்ந்தது. அப்புறம் ஆசிரியர் பெயர். ஒருவர் எழுதிய நூலில் பெயரோடு எக்ஸ்எம்எல் டேகும் ஒட்டிக்கொண்டு சரமாக (string, வெறும் எழுத்தாக) வந்தது. இருவர் எழுதியதில் மறுபடி அதே பிழை! அங்கேயும் உள்ளே ஓர் அர்ரே, ஒவ்வொரு பெயருக்கும் ஸ்ட்ரிங் என்று போட்டுச் சமாளித்துவிட்டேன்.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது ஆண்டில். "1987" என்று மேற்கோள் குறிக்குள் வருகிறது. இன்டீஜராக மாற்றினால், யாரோ "சுமார் 1920" என்று தட்டி வைத்த ஒரே பதிவால் மொத்தத் தேடலும் நின்றுவிடுகிறது. எண்ணாக மாற்ற முடியுமா என்று காஸ்டபிள் (castable) கொண்டு பார்த்து, எண்ணாகாததை வெற்றுத் தொடராக விட்டால் நல் (null, மதிப்பில்லை) என்று வருகிறது, சரிதான். ஆனால் அந்த "சுமார்" காணாமல் போகிறதே. ஆண்டுக்கு இரண்டு சாவி வைப்பதா, எல்லாவற்றையும் சரமாகவே விட்டுப் பக்கத்தில் பிரித்துக்கொள்வதா? இப்படிப்பட்ட தரவோடு மல்லுக்கட்டியவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். நான்கு வரி எக்ஸ்கொரி போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது.