ரோமானிய வில்லாச் சுவர் ஓவியம்: பூச்சு காய்வதற்குள் முழுச் சுவரையும் எப்படி முடித்தார்கள்?

மலர்விழி:
இத்தாலியில் பொம்பெயி அருகிலுள்ள போஸ்கோரியாலே, ஒப்லோண்டிஸ் வில்லாக்களில் (ரோமானியச் செல்வர்களின் மாளிகைகள்) ஒரே சுவர் பல மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. ஈரச் சுண்ணாம்பில்தான் தீட்டினார்கள் என்றால், அது காய்வதற்குள் எப்படி முடிந்தது? துண்டு துண்டாகப் பூசியிருந்தால் ஒட்டுக்கோடு ஏன் கண்ணில் படவில்லை? ரோமானியக் கட்டடக்கலை நூலாசிரியர் விட்ரூவியஸ் சொல்லும் ஆறு பூச்சும் உண்மையில் போட்டார்களா?

கரணை:
விட்ரூவியஸ் கணக்குப்படி முதலில் சொரசொரப்பான அடிப்பூச்சு. அதன்மேல் மணல் சாந்து மூன்று, பளிங்குத்தூள் சாந்து மூன்று. பளிங்குத்தூள் மேலே போகப்போக நைசாகும். அடியில் இருப்பது இறுகத் தொடங்கும்போதே அடுத்ததைப் போட வேண்டும், முழுக்கக் காயவிடக் கூடாது. பொம்பெயி வட்டாரத்துச் சுவர்களில் பெரும்பாலும் மூன்று, நான்கு பூச்சுதான் இருக்கிறது.

உங்கள் முதல் கேள்விக்கான விடை இந்தக் கனத்தில்தான் இருக்கிறது. கனமான பூச்சு தண்ணீரைப் பல நாள் பிடித்து வைக்கும். உள்ளிருந்து கசியும் நீரோடு கரைந்த சுண்ணாம்பும் மேலே வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு கால்சியம் கார்பனேட்டாக இறுகும். அந்தப் படிகத் தோல்தான் நிறத்தைப் பிடிக்கிறது, பசை தேவையில்லை. மணல் ஒன்று, பளிங்கு ஒன்று என்று மெல்லிசாக முடித்தால் சுவர் வெடிக்கும், மெருகும் நிற்காது என்று விட்ரூவியஸே எச்சரிக்கிறார்.

சுண்ணாம்பு நன்றாக நீறியிருக்க வேண்டும். மண்வெட்டியால் கொத்தினால் கட்டி தட்டுப்படக் கூடாது. இரும்பு சுத்தமாக வெளியே வந்தால் சுண்ணாம்பில் சத்தில்லை. பசைபோல் ஒட்டிக்கொண்டு வந்தால்தான் பதம். நீறாத கட்டி உள்ளே தங்கினால் பிறகு ஈரம் பட்டு உப்பி, மேற்பூச்சைப் பெயர்த்துவிடும்.

ஒட்டுக்கோடு இல்லாமல் இல்லை. சாரம் மேலிருந்து கீழே இறங்க இறங்க, மேல் பட்டை, நடுப்பட்டை, அடிப்பட்டை என்று பூசித் தீட்டினார்கள். இரண்டு பட்டை சேரும் இடத்தில் ஒரு கோடோ தீட்டிய விளிம்போ வந்து மறைத்துவிடும். விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் அந்த மேடு தெரியும். நூல் அடித்த தடமும் காம்பஸ் முனை குத்திய புள்ளியும்கூடத் தெரியும்.

செங்காவி:
கரணை சொன்னதோடு ஒன்று: எல்லாமே ஈரத்தில் தீட்டியதல்ல. பின்னணி நிறம் ஈரத்தில் ஏறும். அதன்மேல் உருவங்களும் நுணுக்கங்களும் பல இடங்களில் பிறகு வைத்தவை. இன்று முதலில் பொருக்கு விட்டு உதிர்வதும் அவைதான். நடுவிலுள்ள பெரிய படத்துக்கு மட்டும் இடம் விட்டு, தனியாகப் புதுச் சாந்து பூசுவார்கள். பொம்பெயியில் கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்ததால் வேலை பாதியில் நின்றுபோன ஒரு வீட்டில் மேற்பகுதி முடிந்திருக்கிறது, நடுப்படம் வெறும் கோட்டுருவமாக நிற்கிறது. அந்த ஒரு சுவரே வேலை வரிசையைச் சொல்லிவிடும். உருவ ஓவியரும் சுவர் ஓவியரும் வேறு வேறு ஆட்கள். கி.பி. 301இல் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் போட்ட விலை ஆணையில் முன்னவருக்கு நாள்கூலி 150 டெனாரியஸ் (ரோமானியக் காசு), பின்னவருக்கு 75.

மலர்விழி:
நன்றி. சில இடங்களில் சிவப்பு கறுத்துப் போயிருக்கிறதே, அது காவியா?

செங்காவி:
காவி கறுக்காது. அது சாதிலிங்கம், பாதரச சல்ஃபைடு. வெளிச்சமும் குளோரைடு உப்பும் சேர்ந்தால் கறுக்கும். அதே வட்டாரத்து டோரே டெல் கிரேக்கோவின் வில்லா சோராவில் இதை எக்ஸ்கதிர் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ரோம் நகரின் அவெண்டின் குன்றில் ஃபபேரியஸ் என்பவர் திறந்த முற்றச் சுவர்களுக்கு இதைப் பூச, 30 நாளில் நிறம் கெட்டது என்று விட்ரூவியஸ் எழுதுகிறார். சுவர் காய்ந்தபின் மெழுகை உருக்கி, கொஞ்சம் எண்ணெய் சேர்த்து, தூரிகையால் தடவி, கங்குச் சட்டியைச் சுவரருகே காட்டி மெழுகு வியர்க்கும்வரை சூடாக்கி, சுத்தமான துணியால் தேய்ப்பதுதான் அவர் சொல்லும் காப்பு.

இன்னொரு எச்சரிக்கை: இன்று சிவப்பாக இருப்பதெல்லாம் அன்று சிவப்பல்ல. எரிமலைச் சூட்டில் மஞ்சள் காவி நீரிழந்து சிவப்பாக மாறிய சுவர்கள் நிறைய. ஒரே பட்டையில் மஞ்சள் திட்டும் சிவப்புத் திட்டும் ஒழுங்கில்லாமல் கலந்திருந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

கரணை:
அடிப்பட்டை மட்டும் உதிர்ந்திருந்தால் நிறத்தைக் குறை சொல்லாதீர்கள், அது தரையிலிருந்து ஏறிய ஈரம். அதற்காகத்தான் தரையிலிருந்து மூன்று அடி உயரத்துக்கு மணலுக்குப் பதில் ஓட்டுத்தூள் கலந்த சாந்து போடச் சொன்னார்கள். ஈரம் அதற்கும் மிஞ்சினால், ஓர் இடைவெளி விட்டு உள்ளே மெல்லிய இரண்டாவது சுவர் எழுப்பி, கீழும் மேலும் காற்றுத் துளை வைப்பார்கள்.