காப்ரா கையில் ஹவாயன் கிட்டார்: வாசிப்பவர்கள் பகிர்ந்தவை

லாப் ஸ்டீல் வாசிப்பவர்:

ஹவாயன் கிட்டாரில் (மடியில் கிடத்தி, தந்தி மேல் எஃகுப் பாரை நகர்த்தி வாசிப்பது; லாப் ஸ்டீல் என்பதும் அந்த வகைதான்) ராகம் வாசித்த பிரிஜ் பூஷண் காப்ராவைப் (1937–2018) பற்றிப் பேச்செடுத்தாலே ‘கால் ஆஃப் தி வேலி’தான் முதலில் வரும். 1967-இல் வந்த இசைத்தட்டு. சந்தூரில் சிவகுமார் சர்மா, குழலில் ஹரிபிரசாத் சௌராசியா, கிட்டாரில் காப்ரா. பலருக்குச் சந்தூரும் குழலும்தான் நினைவில் நிற்கின்றன, கிட்டாரை யாரும் தனியாகக் கேட்பதில்லை. இனி அந்தத் தட்டைப் போடும்போது ஒரு காரியம் செய்யுங்கள். காப்ராவின் ஒவ்வொரு சொற்றொடரிலும் வலக்கை எத்தனை முறை மீட்டுகிறது என்று மட்டும் எண்ணுங்கள். ஸ்வரங்கள் நிறைய, மீட்டு குறைவு. அவர் வாசிப்பின் ரகசியமெல்லாம் அந்தக் கணக்கில் இருக்கிறது.

பழகுவதற்கு வழி இது. தம்புராவை ஓடவிட்டு, முதல் தந்தியில் ஒரே மீட்டில் ச-ரி-க போய் ரி-ச இறங்குங்கள். கடைசி சட்ஜம் காதில் விழாது, ஒலி அதற்குள் அடங்கியிருக்கும். உடனே மறு மீட்டுப் போடத் தோன்றும், போடாதீர்கள். முதல் மீட்டை விரல் நுனியால் சுண்டாமல், பிக் தந்தியில் ஆழ இறங்கி வெளியேறும்படி போடுங்கள். குதிரைக்கு (மேல்பலகையில் தந்தியைத் தாங்கும் கட்டை) மிக அருகில் மீட்டினால் ஒலி கூர்மையாக வந்து சீக்கிரம் சாகும். நாலு விரல்கடை தள்ளி மீட்டினால் நீளும். பாரை நகர்த்தும்போது அழுத்தம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. குறைந்தால் தந்தி கடகடவென்று அடிக்கும், கூடினால் சுருதி ஏறும்.

அடுத்தது கை நடுக்கம். ஹவாய்ப் பாணியில் எல்லா ஸ்வரத்தையும் ஆட்டுவார்கள், அங்கே அது அழகு. ராகத்தில் அந்த ஆட்டம் சுருதியை மறைத்துவிடும். காப்ராவிடம் ஸ்வரம் முதலில் அசையாமல் நிற்கும். ஆஹிர் பைரவில் (நம் சக்கரவாகத்துக்கு நெருங்கிய ராகம்) ரிஷபம் மட்டும் மெல்ல ஆடும். அந்த ஒன்று ஆடுவது தெரிய வேண்டுமானால் மற்றவை நிற்க வேண்டும்.

கிட்டார் ரிப்பேர் பார்ப்பவர்:

கருவியைப் பற்றி நான் சொல்கிறேன். காப்ரா வைத்திருந்தது ஆர்ச்டாப் (மேல்பலகை வளைந்த) வகைக் கிப்சன். இந்த வேலைக்கு அது ஏன் தோது என்று கவனியுங்கள். சாதாரண அக்கூஸ்டிக்கில் குதிரை பசை போட்டு ஒட்டியது. தடித்த தந்தி போட்டு இழுத்தால் குதிரை பின்பக்கம் கிளம்பும், மேல்பலகை உப்பும். ஆர்ச்டாப்பில் குதிரை சும்மா உட்கார்ந்திருக்கிறது, இழுப்பை வாங்குவது கடைசியில் தந்திகளைக் கட்டும் டெயில்பீஸ். குதிரையின் உயரத்தைத் திருகிக் கூட்டலாம். கூடுதல் தந்தி கட்டவும் டெயில்பீஸில் இடம் கிடைக்கும்.

கையில் இருப்பது சாதாரண அக்கூஸ்டிக்தான் என்றால் இப்படிச் செய்யலாம். நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் தந்தி தாண்டிப் போகும் பட்டை) மேல் போடும் எக்ஸ்டென்டரை மாட்டித் தந்தியை 8 முதல் 10 மி.மீ. வரை தூக்குங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். சாடிலையும் (குதிரையில் தந்தி உட்காரும் சிறு பட்டை) கவனிக்க வேண்டும். விரல் அழுத்தி வாசிக்கும் கிட்டாரில் சாடில் சாய்வாக இருக்கும், தடித்த தந்திப் பக்கம் ஏறக்குறைய 3 மி.மீ. பின்தள்ளி. பாரை நேராக வைத்தால் மேலே போகப்போகத் தடித்த தந்திகள் சுருதி இறங்கிப் பேசும். பாரில் குறை தேடாதீர்கள், நேரான சாடில் ஒன்று செதுக்கிப் போடுங்கள்.

சுருதிக்கு ஓபன் டி போதும்: டி-ஏ-டி-எஃப் ஷார்ப்-ஏ-டி, அதாவது ச-ப-ச-க-ப-ச. வழக்கமான கிட்டார் சுருதியிலிருந்து ஒவ்வொரு தந்தியும் இறங்குகிறது அல்லது அப்படியே இருக்கிறது, அதனால் கிட்டாருக்கு ஆபத்தில்லை. ஓபன் ஈ வைத்தால் மூன்று தந்திகள் ஏறும், அதைத் தடித்த தந்தியோடு சேர்த்து ஒட்டுக் குதிரையில் செய்யவே கூடாது. இறக்கிய சுருதியில் 0.012 அங்குலத் தந்தி தொய்ந்துவிடும், பாரின் எடைக்கே அமுங்கும். முதல் தந்தி 0.016, இரண்டாவது 0.018 போடுங்கள். சுற்றுத் தந்திகளில் சாதாரண வகையின் மேல் பார் ஓடும்போது சர்ரென்று உராயும். தட்டைக் கம்பி சுற்றிய ஃப்ளாட்வுண்ட் அந்தச் சத்தத்தை வெகுவாகக் குறைக்கும்.

பார் என்றால் 22 மி.மீ. விட்டமுள்ள, முனை உருண்ட எஃகு உருளை நல்லது, நீளம் மூன்றேகால் அங்குலம். கடலோர ஊர்களில் தந்தி துருப்பிடிக்கும். துருத் தந்தியில் ஓட்டினால் பாரின் பூச்சு கீறும், அப்புறம் புதுத் தந்தியிலும் இரைச்சல்தான்.

கல்கத்தாப் பாணி வாசிப்பவர்:

காப்ரா ஜோத்பூர்க்காரர். ஆனால் அவருக்கு ஹவாயன் கிட்டார் அறிமுகமான ஊர் கல்கத்தா. அங்கே அந்தக் கருவி வேரூன்றியிருந்ததால்தான் அது நடந்தது. சமோவாவில் பிறந்து ஹவாயில் வளர்ந்த கிட்டார் கலைஞர் டாவ் மோ, குடும்பத்தோடு உலகம் சுற்றியவர், 1940-களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார். அவரிடம் கற்ற கார்னி நிஸ், அலோஹா பாய்ஸ் குழுவோடு தட்டுகள் கொடுத்தார். பின்னால் நடுத்தர வர்க்க வங்காளி வீடுகளுக்குள் கருவி நுழைந்தது. ரவீந்திர சங்கீதம், நஸ்ருல் கீதி, சினிமாப் பாட்டு எல்லாம் கிட்டாரில் வந்தன. சுனில் கங்குலி, பட்டுக் நந்தி, கவி நஸ்ருலின் மகன் காஜி அனிருத்தா (1931–1974) என்று வரிசையாகச் சொல்லலாம்.

இந்தப் பாட்டுக் கிட்டாரைச் சிலர் மட்டமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. அதற்கென்று ஓர் இலக்கணம் உண்டு. கேட்பவருக்குப் பாட்டு மனப்பாடம், ஆகவே ஓர் எழுத்துக்கு ஒரு மீட்டு. நெடில் வரும் இடத்தில் மட்டும் இழைப்பு. சொல் முடியும் இடத்தில் வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தந்தியில் வைத்து ஒலியை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு சொற்கள் ஒட்டிக்கொள்ளும். அந்த நிறுத்தம் சரியாக விழுந்தால் கேட்பவர் மனத்தில் வார்த்தை தானாக ஓடும். காப்ரா அலி அக்பர் கானின் சீடர். சரோதிலிருந்து வந்த ஆலாப்பில் சொல் கிடையாது, அதனால் மீட்டின் இடத்தை ராகமே முடிவு செய்தது. ஒரே கருவி, இரண்டு வேறு வலக்கைகள். இரண்டையும் பழகியவர் கையில் ஒரு தெளிவு இருக்கும்.

காப்ராவின் பாடம் கல்கத்தாவுக்கே திரும்பியும் வந்தது. அந்த ஊரில் 1963-இல் பிறந்த தேபாஷிஷ் பட்டாச்சார்யா அவரிடம் கற்றார். 24 தந்திகள் கொண்ட சதுரங்கி அவர் உருவாக்கியது.

கோட்டுவாத்தியம் வாசிப்பவர்:

பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் வழியில் கோட்டுவாத்தியம் (வீணை போன்றது, தந்தி மேல் கட்டையை நகர்த்தி வாசிப்பது) கேட்டவர்களுக்கு காப்ராவின் ஜாரு, அதாவது ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிப் போவது, அந்நியமாகத் தோன்றாது. ஆனால் எங்கள் கருவியில் மெட்டே (ஸ்வர இடம் காட்டும் குறுக்குக் கம்பி) கிடையாது, காதுதான் வழி. கிட்டாரில் மெட்டுக் கோடுகள் கண்ணுக்குத் தெரிவது முதல் மாதத்தில் உதவி, பிறகு தொந்தரவு.

அளந்தே சொல்கிறேன். நட்டிலிருந்து சாடில் வரை 648 மி.மீ. என்றால் நாலாவது மெட்டு நட்டிலிருந்து 134 மி.மீ.யில் இருக்கும். தம்புராவோடு இழையும் அந்தரகாந்தாரம் 130 மி.மீ.யில். நாலு மி.மீ. வித்தியாசம்! பாரை மெட்டுக்கு நேர்மேலே வைத்து பூப் (நம் மோகனம்) வாசித்தால் காந்தாரம் எப்போதும் கொஞ்சம் ஏறியே கேட்கும். தாரஸ்தாயியில் அந்த வித்தியாசம் 2 மி.மீ. ஆகிவிடும், அதனால் கீழே பழகிய கை மேலே போய்த் தவறும். பஞ்சமத்தில் அரை மி.மீ.தான், அங்கே மெட்டை நம்பலாம்.

இன்னொன்று. பாருக்குப் பின்னால், நட்டுப் பக்கம் இருக்கும் தந்தியும் ஒலிக்கும். மோதிர விரலையும் சுண்டு விரலையும் பாருக்குப் பின்னால் தந்தி மேல் இழையவிட்டால் அது அடங்கும். விரல் தொடட்டும், அழுத்த வேண்டாம்.

லாப் ஸ்டீல் வாசிப்பவர்:

அந்தரகாந்தாரம் பற்றி ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓபன் டியில் மூன்றாம் தந்தி காந்தாரம். பாகேஸ்ரீ போல் கோமள காந்தார (நம் சாதாரண காந்தார) ராகம் எடுத்தால் தொடாமலே அது ரீங்கரித்து ராகத்தைக் கெடுக்கும். அந்தத் தந்தியை ஜி-க்கு, அதாவது மத்யமத்துக்கு ஏற்றிவிடுங்கள். பாகேஸ்ரீக்கு மத்யமம் உயிர் ஸ்வரம், துணையாகவே நிற்கும்.

சிகாரி (பக்கத்தில் கட்டி இடையிடையே மீட்டும் சுருதித் தந்தி) கட்டுவது எப்படி என்று ரிப்பேர் சார் சொன்னால் நன்றாக இருக்கும். வீணையின் தாளத் தந்தி மாதிரி தாரஸட்ஜம் வேண்டும் என்று முழு நீளத்துக்கு இழுத்துப் பலர் தந்தியை அறுத்துக்கொள்கிறார்கள்.

கிட்டார் ரிப்பேர் பார்ப்பவர்:

அறுந்துதான் போகும். முதல் தந்தியின் டி-க்கு ஒரு ஸ்தாயி மேலான டி-யை 648 மி.மீ. நீளத்தில் எந்த எஃகுத் தந்தியும் தாங்காது. மெல்லிசு போட்டாலும் பயனில்லை, அறுகிற சுருதி ஏறக்குறைய அதேதான். நீளத்தைக் குறைக்க வேண்டும். 46 செ.மீ. வரை தாங்கும். ஏழாவது மெட்டுக்கு நேரே கழுத்தின் பக்கவாட்டில் பிருடை (தந்தியை முறுக்கும் ஆணி) வைத்தால் 43 செ.மீ. வரும், 0.009 தந்தி போதும். கழுத்தில் நேராகத் துளை போடாமல் தேக்குத் துண்டு ஒன்றை ஒட்டி அதில் பிருடையை இறக்குங்கள். கழுத்தின் நடுவில் ட்ரஸ் ராட் (கழுத்து வளையாமல் காக்கும் கம்பி) ஓடுகிறது, ஆழமான திருகு அதைத் தொட்டால் கழுத்தே போச்சு. சிகாரி மற்ற தந்திகளைவிட 3, 4 மி.மீ. தாழ்ந்திருக்கட்டும், இல்லாவிட்டால் பாரின் முனை ஒவ்வொரு முறையும் அதில் இடிக்கும்.