காசநோயும் ஒரு தனி டம்ளரும்

வைகைக்கரை: "மாத்திரை இலவசம், அரசு தரும் 1000 ரூபாயும் மாதாமாதம் கணக்கில் விழுகிறது, இதற்கு மேலும் டிபிக்கு மருந்து எடுக்காதவன் சோம்பேறி" என்று சிவா நேற்று எழுதியிருந்தார். என் சித்தப்பா சோம்பேறியில்லை, ஐயா. தெருமுனையிலேயே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்க, மூன்று மாதம் இருமிவிட்டு, இரண்டு பஸ் மாறி வேறு ஊரில் போய்ச் சளியைப் பரிசோதனைக்குக் கொடுத்தார். சின்ன வயதில், நோய் வந்த அத்தையின் டம்ளருக்கு அடியில் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்துத் திண்ணையில் கவிழ்த்து வைத்ததைப் பார்த்தவர். அந்த டம்ளர் தனக்கும் வந்துவிடுமோ என்ற பயம்தான்.

சிவா_78: தனி டம்ளர் சுகாதாரம். கொரோனாவில் நீங்கள் வைக்கவில்லையா?

வைகைக்கரை: காசநோய் டம்ளரில் பரவாது, இருமும்போது காற்றில் பரவும். டம்ளரை ஒதுக்கிவிட்டு ஜன்னலைச் சாத்திவைக்கிற புத்திசாலிகள் நாம்!

சிவா_78: எச்சிலில் கிருமியே இல்லையா? எழுதித் தருவீர்களா?

செவ்வந்தி: நான் செவிலியாக இருந்தவள். இந்த மாத்திரைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். மாமியார் பார்த்துவிடுவாரென்று இரண்டாம் மாதமே நிறுத்திய மருமகளைத் தெரியும், முழுசாக 6 மாதம் சாப்பிட வேண்டியது. ஊழியர் வீடு தேடி வந்தால் தெருவுக்கே தெரியுமென்று தப்பான விலாசம் கொடுப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு 1000 ரூபாய் எந்த மூலைக்கு?

சிவா_78: கேட்டது டம்ளர். நீங்கள் சிறுநீருக்குப் போய்விட்டீர்கள்.

தமிழ்ப்பித்தன்: குவளை என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

வைகைக்கரை: வந்துட்டாருய்யா. சிவா, போன மாதம் நிலவேம்புக் கஷாய விவாதத்திலும் இப்படித்தான், பதில் சொல்லச் சொல்லக் கேள்வியை மாற்றினீர்கள். மருந்து ஆரம்பித்துச் சில வாரங்களிலேயே மற்றவருக்குப் பரவும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அத்தை குணமாகி வந்த பிறகும் அந்தப் பொட்டை யாரும் சுரண்டவில்லை. கல்யாண வீட்டில்கூட பந்தி முடிந்த பிறகுதான் அவருக்கு இலை. இதுவும் சுகாதாரமா?

சிவா_78: நிலவேம்பை ஏன் இழுக்கிறீர்கள்? அதில் தோற்றது நீங்கள்.

வைகைக்கரை: நானா!

தமிழ்ப்பித்தன்: பஸ் அல்ல, பேருந்து.

சிவா_78: எச்சில் பற்றிக் கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை. எங்கள் வீட்டில் தனி டம்ளர்தான்.